வலது கையும் ஒரு காலும்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் ஜன்னல் அறை கைமாறிய கதையைப் படித்துவிட்டு மாமியாரை வாயில் வந்தபடி திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள், எனக்கொன்றும் ஆட்சேபணை இல்லை. மூத்த மருமகள், நம் பெரியவள், ஒன்பது வருஷமாகப் படுத்து எழுந்த அறை அது. "குழந்தைக்கு வெளிச்சம் வேணும்மா. உங்க ரெண்டு பேருக்கு எந்த அறையா இருந்தா என்ன?" என்று ஒரே மூச்சில் சொல்லி, அவளுடைய தலையணை முதல் பீரோ வரை முன்பக்கத்துச் சின்ன அறைக்கு மாற்றிவிட்டார். அந்தக் குழந்தை அப்போது பிறக்கக்கூட இல்லை.

ஆனால் இந்த வாரம் கொஞ்சம் பொறுங்கள். இந்த வாரம் உங்களிடம் திட்டு வாங்கப் போகிறவர் மாமியார் இல்லை.

குழந்தை பிறந்துவிட்டது. நேற்றுக் காலை ஏழரை மணிக்கு, சுகப்பிரசவம், ஆண் குழந்தை. பெற்றவள் சின்னவள். பெரியவளுக்கு ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. பெரியவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். அவள் பார்க்காத வைத்தியம் இல்லை. பிரசவம் நடந்ததோ பெரியவள் நர்ஸாக வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில், அதே வார்டில். விதிக்கு வேறு வேலையே இல்லை பாருங்கள்.

அந்த வார்டில் பெரியவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. "வலது கை சிஸ்டர்."

அது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பிறந்து ஒரு நாள் முடிந்த ஒவ்வொரு குழந்தைக்கும், வீட்டுக்கு அனுப்பும் முன் அங்கே ஒரு சோதனை உண்டு. ஊசி கிடையாது, வலி கிடையாது. சிவப்பு வெளிச்சம் வரும் ஒரு சின்னப் பட்டையை முதலில் வலது கையில் சுற்ற வேண்டும், பிறகு ஏதாவது ஒரு காலில். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று மெஷின் எண்ணாகக் காட்டும். எண் குறைவாக இருந்தாலோ, கைக்கும் காலுக்கும் மூன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தாலோ, இதயத்தில் கோளாறு இருக்கலாம் என்று அர்த்தம். வெளியே பார்த்தால் ரோஜாப்பூப் போல இருக்கும் குழந்தையின் உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த எண்தான் காட்டிக் கொடுக்கும்.

வலது கைதான் என்பது கண்டிப்பான விதி. இடது கைக்குப் போகும் ரத்தம் சில குழந்தைகளுக்குக் காலுக்குப் போகும் ரத்தத்தோடு சேர்ந்துவிடும். அப்போது இரண்டு இடத்திலும் ஒரே எண் வரும், கோளாறு ஒளிந்துகொள்ளும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மெஷின் வந்தபோது பயிற்சிக்குப் போய்வந்தவள் பெரியவள். வார்டு முழுவதும் அவளிடம்தான் கற்றுக்கொண்டது. யாராவது இடது கையைத் தொட்டால் போதும், "வலது கை, வலது கை!" என்று கத்துவாள். அதனால் வந்த பெயர்.

இன்று காலை ஒன்பது மணிக்குத் தலைமை நர்ஸ் அவளைக் கூப்பிட்டார்.

"பதினோராம் நம்பர் ரூம் உங்க வீட்டுக் குழந்தைதானே? வேற யாரையாவது அனுப்பட்டுமா?"

"எதுக்கு மேடம்? நானே பார்த்துடறேன்."

ஏன் அப்படிச் சொன்னாள் தெரியுமா? ஒரு தடவையாவது அந்த வீட்டு மனிதர்கள் தன்னை வேலையில் பார்க்கட்டும் என்றுதான். சீருடையும் மெஷினுமாக, நான்கு பேர் மரியாதையாக "சிஸ்டர்" என்று கூப்பிடும் இடத்தில் அவள் எப்படி நிற்பாள் என்று பார்க்கட்டும். வீட்டில் அவள் வெறும் பெரியவள்தான். அதுவும் இப்போது முன்பக்கத்துச் சின்ன அறைப் பெரியவள்.

பதினோராம் நம்பர் அறைக்குள் நுழைந்தவளின் கண்ணில் முதலில் பட்டது அவள் கணவன்.

அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். போன வருஷம் அவளுக்கு டைபாய்டு வந்து கிடந்தபோதுகூட அரை நாள் லீவு போடாத மனுஷன். இன்று நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறான். மடியில் குழந்தை. எத்தனை தேய்த்தாலும் கிரீஸ் கறை போகாத அவனுடைய சுட்டுவிரலைக் குழந்தை வலது கையால் இறுக்கிப் பிடித்திருந்தது.

"என்ன, லீவா?" என்றாள்.

"முழு நாள்" என்றான், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "பாரேன், விரலை விடவே மாட்டேங்குறான். என்ன பிடி பிடிக்கிறான் பாரு!"

"பெரியப்பாவை அடையாளம் தெரிஞ்சுபோச்சுடா அவனுக்கு" என்றார் மாமியார், துணி மடித்தபடி. "பின்னே, ரத்தமாச்சே!"

கணவனின் முகத்தைப் பார்த்தாள் பெரியவள். அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அடிவயிற்றிலிருந்து ஏதோ எரிந்துகொண்டு மேலே ஏறியது. பொறாமைதான், வேறு என்ன? ஒரு நாள் வயதான சிசுவைப் பார்த்து முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குப் பொறாமை. கேட்டால் சிரிப்பீர்கள். அவளுக்கு அழுகை வந்தது, அதை விழுங்கிக்கொண்டாள்.

"டெஸ்ட் எடுக்கணும். கையைக் கொடுங்க."

"இரேன், ரெண்டு நிமிஷம். இப்பதான் பிடிச்சான்."

"பிடுங்காதேம்மா, பாவம்!" என்றார் மாமியார். "உனக்கு வேணும்னா அந்தக் கை இருக்கே."

வேறு எந்தத் தகப்பன், எந்தப் பாட்டி இப்படிச் சொல்லியிருந்தாலும் பெரியவள் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருப்பாள். இன்று வாயைத் திறக்கவில்லை. அந்தச் சின்ன விரல்களைக் கணவனின் விரலிலிருந்து பிரிப்பதற்கு அவள் குனிய வேண்டும், அவன் முகத்துக்கு அருகே போக வேண்டும், அந்தச் சிரிப்பை இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அது முடியாது என்று தோன்றிவிட்டது. சீக்கிரம் முடித்துவிட்டு வெளியே போனால் போதும்.

பட்டையை இடது கையில் சுற்றினாள். தொண்ணூற்றைந்து. காலில் சுற்றினாள். தொண்ணூற்றைந்து.

அச்சடித்த தாளில் "வலது கை" என்று ஒரு கட்டம், "கால்" என்று ஒரு கட்டம். இரண்டிலும் 95 என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

"எல்லாம் சரியா இருக்காக்கா?" என்று கட்டிலிலிருந்து கேட்டாள் சின்னவள்.

"ம். இருக்கு."

வராந்தாவுக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

பதினொன்றே கால். நர்ஸ்கள் அறையில் பெரியவள் டீ டம்ளரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். உள்ளே இன்னும் எரிந்துகொண்டேதான் இருந்தது. முழு நாள் லீவாம், முழு நாள்!

பக்கத்தில் வந்து நின்றார், வேறு வார்டிலிருந்து போன வாரம்தான் மாற்றலாகி வந்த நர்ஸ். பெரியவளைவிட வயதில் மூத்தவர், மூக்கு நுனியில் நிற்கும் கண்ணாடி. வார்டில் எல்லாரும் கண்ணாடியக்கா என்பார்கள்.

"ஏம்மா, நாலாம் நம்பர் குழந்தைக்கு வலது கைல ட்ரிப்ஸுக்குக் கட்டுப் போட்டிருக்கு. இடது கைல வச்சு எண் எடுத்துடவா? ஒரு கைதானே, என்ன பெரிய வித்தியாசம்?"

"என்னக்கா நீங்க!" என்று பொரிந்தாள் பெரியவள். "அதைத்தானே அன்னைக்கு அவ்வளவு நேரம் சொன்னேன்? இடது கையை நம்பவே கூடாது. கட்டைத் தளர்த்திட்டாவது வலது கைலதான் வைக்கணும். இடது கைல பார்க்கிறதுக்குப் பார்க்காமலே..."

பார்க்காமலே இருக்கலாம் என்று முடிக்க வேண்டிய வாக்கியம். நாக்கு நின்றுவிட்டது.

"என்னம்மா, முகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?"

"ஒண்ணுமில்லைக்கா. டீ சூடு."

டீ ஆறி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

உட்கார்ந்துவிட்டாள். ஆயிரம் குழந்தையில் ஏழெட்டுப் பேருக்குத்தான் இதயத்தில் ஏதாவது இருக்கும். அதிலும் ஆபத்தானது இரண்டு பேருக்கோ மூன்று பேருக்கோ. மீதி எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். இந்தக் குழந்தையும் நன்றாகத்தான் இருக்கும். நல்ல எடை, நல்ல நிறம், நன்றாகப் பால் குடிக்கிறது. தாளில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இனிமேல் போய், "நான் தப்பாகப் பார்த்துவிட்டேன்" என்று யாரிடம் சொல்வது? அத்தை என்ன சொல்வார்? வேலைதான் என்ன ஆகும்? வலது கை சிஸ்டரே இடது கையில் பார்த்தாளாம் என்று வார்டே சிரிக்காதா?

இத்தனைக்கும் நடுவில் இன்னொரு நினைப்பும் வந்தது. அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. ஒருவேளை குழந்தைக்கு ஏதாவது இருந்தால்? அப்போது அந்த வீட்டில் யார் முகத்திலும் அந்த வெளிச்சம் இருக்காதே! அந்த நினைப்பில் ஒரு துளி சந்தோஷம் இருந்தது. ஒரே ஒரு துளிதான், ஆனால் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"சீ!" என்றாள் வாய்விட்டு.

டம்ளரை வைத்துவிட்டு மெஷினை எடுத்துக்கொண்டு பதினோராம் நம்பருக்கு நடந்தாள்.

அங்கே மூட்டை கட்டும் படலம் நடந்துகொண்டிருந்தது. மாமியார் பையில் துணிகளை அடைத்துக்கொண்டிருந்தார், கணவன் அதே நாற்காலியில் இருந்தான். கொழுந்தன் டிஸ்சார்ஜ் காகிதங்களுக்காகக் கீழே போயிருந்தான். குழந்தை கட்டிலில் சின்னவள் பக்கத்தில் தூங்கியது.

"இன்னொரு தடவை பார்க்கணும்" என்றாள் பெரியவள்.

"எதுக்கு?" என்றார் மாமியார்.

"சின்ன சந்தேகம், அவ்வளவுதான்." முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

குழந்தையின் வலது கையை எடுத்தாள். தூக்கத்திலும் விரல்கள் மூடிக்கொண்டன. பட்டையைச் சுற்றி, மெஷினில் எண் நிலைக்கும் வரை அசையாமல் பார்த்தாள்.

தொண்ணூற்றொன்பது.

"அடேயப்பா, தொண்ணூத்தொன்பது!" என்றார் மாமியார். "காலைல எடுத்ததைவிட நல்ல மார்க்குதானே! எங்க வீட்டுல யாரும் இவ்வளவு வாங்கினதில்லை."

காலில் வைத்தாள். தொண்ணூற்றைந்து.

நான்கு வித்தியாசம்.

பெரியவள் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். கால் குளிர்ந்திருந்தால் எண் தப்பாக வரும். பாதம் கதகதப்பாகத்தான் இருந்தது.

"அத்தை, இப்ப வீட்டுக்குப் போக வேண்டாம். கைக்கும் காலுக்கும் மூணுக்கு மேல வித்தியாசம் வந்தா, ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடியும் பார்க்கணும். அப்பவும் வந்தா, இன்னொரு மணி நேரம் கழிச்சு. அதுதான் முறை."

மாமியார் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "காலைல சரின்னு சொன்னே. இப்ப இல்லைங்கறே. நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கும்மா நோயைத் தேடிட்டு அலையறே?"

"தேடலை அத்தை, இருக்கான்னு பார்க்கிறேன்."

"எனக்குத் தெரியாதா உன்னை? அந்த அறை விஷயத்துல உனக்கு வயித்தெரிச்சல். ஒரு வாரமா முகத்தைத் தூக்கி வச்சிட்டுத் திரியறே. அதை இங்கே வந்தா காட்டுவே, இந்தப் பச்சை மண்ணுகிட்ட?"

"அம்மா!" என்றான் கணவன்.

மாமியார் சொன்னதில் பாதியாவது பொய்யாக இருந்திருந்தால் பெரியவளும் பதிலுக்குச் சொல்லியிருப்பாள்.

பேசியது சின்னவள்தான். கல்யாணத்துக்கு முன் ரயில் நிலையத்து டிக்கெட் கவுன்டரில் இருந்தவள். ஆயிரம் பேர் கூச்சல் போட்டாலும் தனக்கு வேண்டிய ஒரு வார்த்தையை மட்டும் காதில் வாங்கத் தெரிந்தவள். "அத்தை, பையைக் கீழே வைங்க. அக்கா சொல்ற மாதிரி ஒரு மணி நேரம் இருப்போம். என்ன கெட்டுப்போச்சு?"

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள்! அவள் சொன்னதும் அத்தையும் பையை வைத்துவிட்டாரே! ஒன்பது வருஷத்தில் தன் பேச்சுக்கு இப்படி ஒரு பை இறங்கியது உண்டா? பாருங்கள், அந்த நேரத்திலும் இவள் மனசு போகிற போக்கை.

பன்னிரண்டரை மணிக்கு வலது கை தொண்ணூற்றொன்பது, கால் தொண்ணூற்றுநான்கு.

தாளில் எழுதிவிட்டு வெளியே வந்தாள். பின்னாலேயே கணவன் வந்தான். வராந்தாவில் தண்ணீர் குழாய்க்குப் பக்கத்தில் இருவரும் நின்றார்கள். அவன் தன் சுட்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலைல அந்தக் கை என்கிட்டல்ல இருந்துச்சு" என்றான் மெதுவாக.

"ஆமா."

"அப்ப நீ பார்த்தது..."

"ஆமான்னு சொல்றேன்ல!"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. கேட்டா நான் பேசிக்கறேன். விடலைன்னு சொன்னது நான்தானே. உன் வேலைக்கு ஒண்ணும் வரக்கூடாது."

எத்தனை மாதத்துக்குப் பிறகு அவன் அவள் பக்கம் வந்து நிற்கிறான்! அவன் தோளில் சாய்ந்துகொள்ளலாம் போல இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காகவே அவன் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று நினைத்தாள்.

ஒன்றரை மணிக்கு வலது கை தொண்ணூற்றெட்டு, கால் தொண்ணூற்றுமூன்று.

மூன்று தடவை ஆகிவிட்டது. இனி நர்ஸின் வேலை இல்லை. குழந்தைகள் டாக்டரைக் கூப்பிட்டாள்.

டாக்டரம்மா சத்தமாகப் பேசாதவர். வந்ததும் கையைச் சூடு பண்ணிக்கொண்டு, குழந்தையின் தொடை மடிப்பில் இரண்டு விரலை வைத்து நாடியைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். மாமியாரின் உதடு ஏதோ முணுமுணுத்தது.

"கைல நல்லாத் துடிக்குது, இங்கே சரியாக் கிடைக்கலை" என்றார். "ஸ்கேன் மெஷினைக் கொண்டு வரச் சொல்லுங்க."

ஸ்கேன் முடிய அரை மணி நேரம். அதன் பிறகு டாக்டரம்மா சின்னவளின் கட்டிலிலேயே உட்கார்ந்து, அவளைப் பார்த்துச் சொன்னார்.

"இதயத்திலிருந்து உடம்போட கீழ்ப் பாதிக்கு ரத்தம் கொண்டு போற பெரிய குழாய், குழந்தைக்கு ஒரு இடத்துல ரொம்பக் குறுகலா இருக்கு. வயித்துக்குள்ள இருந்தப்ப பக்கத்துல ஒரு சின்னக் குறுக்குக் குழாய் திறந்திருக்கும். எல்லாக் குழந்தைக்கும் இருக்கும். இப்ப அதுதான் இவனைக் காப்பாத்திட்டு இருக்கு. ஆனா பிறந்து சில நாள்ல அது தானா மூடிக்கும். மூடிட்டா கீழே ரத்தம் போகாது."

"மூடாம வைக்க முடியாதா?" என்றாள் சின்னவள். குரல் நடுங்கியது, கேள்வி நடுங்கவில்லை.

"முடியும். அதுக்கு மருந்து இருக்கு, இப்பவே ஏத்தறோம். இதய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன், அங்கே ஆபரேஷன் பண்ணுவாங்க. சரி பண்ணக்கூடிய கோளாறுதான். நேரத்துல தெரிஞ்சது பெரிய விஷயம். ரெண்டு மணிக்கு வீட்டுக்குப் போயிருந்தீங்கன்னா நாளைக்கோ நாளை மறுநாளோ குழந்தை துவண்டு போயிருப்பான். அப்ப தூக்கிட்டு ஓடி வந்திருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்னு தெரியாது." பெரியவள் பக்கம் திரும்பினார். "விடாம மூணு தடவை பார்த்தாங்க பாருங்க, இவங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

அவ்வளவுதான். மாமியார் பெரியவளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"என்னை மன்னிச்சிடும்மா. வாயில வந்ததை எல்லாம் பேசிட்டேன். நீ இல்லைன்னா என் பேரன் எனக்கு இல்லை. அந்த ஜன்னல் அறை உனக்குத்தான்மா. இன்னைக்கே போய் உன் பீரோவை மாத்திடறேன். எவன் கேட்கிறான்னு பார்க்கிறேன்!"

கொழுந்தன் "அண்ணி" என்று கையெடுத்துக் கும்பிட்டான். கணவன் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். காலையில் குழந்தையைப் பார்த்த பார்வையில் பாதியாவது அதில் இருந்தது.

ஒன்பது வருஷமாக எதையெதைப் பார்த்து வயிறெரிந்தாளோ அத்தனையும் ஒரே நிமிஷத்தில் மடியில் வந்து விழுந்தது. அவளுக்கோ ஓடிப்போய் எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

மூன்றரை மணி. ஆஸ்பத்திரியின் பின்வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை. ஒரு காலில் மருந்து ஏறுகிறது. வலது கையிலும் இன்னொரு காலிலும் பட்டை, இரண்டு எண்ணும் பக்கத்துத் திரையில். கூடப் போகப் பெரியவளையே டாக்டரம்மா நியமித்திருந்தார். அவர் கொஞ்சம் தள்ளி நின்று இதய ஆஸ்பத்திரியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். டிரைவருக்குப் பக்கத்து இருக்கை கொழுந்தனுக்கு. சின்னவளுக்கு இடம் இல்லை. அவள் பிறகு வர வேண்டும்.

சின்னவள் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தாள். உட்கார் என்று யார் சொல்லியும் கேட்கவில்லை. பெட்டியின் வட்டத் துளை வழியாகக் கையை விட்டுக் குழந்தையின் விரல்களைத் தொட்டபடி, தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"அக்கா, காலைல பார்த்துட்டு சரின்னு சொன்னீங்க. அப்புறம் மறுபடியும் வந்து பார்க்கணும்னு எப்படித் தோணுச்சு?"

கணவன் முந்திக்கொண்டான். "அவளுக்கு எதையும் ரெண்டு தடவை பார்க்கிற பழக்கம்மா. வீட்டைப் பூட்டினாக்கூட திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பா, தெரியாதா உனக்கு?"

"ஆமா ஆமா" என்றார் மாமியார். அவருடைய கை பெரியவளின் தோளை அணைத்திருந்தது. "பொறுப்பானவ!"

தலையை ஆட்டினால் போதும். வண்டி கிளம்பிவிடும். அறை இருக்கிறது, பீரோ இருக்கிறது, அணைத்த கை இருக்கிறது, பக்கத்தில் நிற்கும் புருஷன் இருக்கிறான். தாளில் "வலது கை" என்ற கட்டத்தில் 95 இருக்கிறது.

"இல்லை" என்றாள் பெரியவள்.

"ஏய்..." என்றான் கணவன்.

"காலைல நான் இடது கைல பார்த்தேன். இடது கைல பார்க்கவே கூடாது. ஊருக்கெல்லாம் அதைச் சொல்றவ நான். பார்த்துட்டு வலது கைன்னு போட்டிருந்த இடத்துல எழுதிட்டேன். பதினொண்ணே காலுக்குத்தான் உறைச்சுது. உறைச்ச பிறகும் உடனே வரலை. வரலாமா வேண்டாமான்னு உட்கார்ந்து யோசிச்சேன். டாக்டர்கிட்ட இன்னும் சொல்லலை. சொல்லப் போறேன்."

சின்னவள் இப்போது திரும்பினாள். "ஏன் இடது கை?"

"வலது கை இவர் விரலைப் பிடிச்சிருந்துச்சு. இவர் முகம் இருந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பொறுக்கலை. அந்தப் பிடியைப் பிரிச்சு எடுக்கிற நேரம்கூட அங்கே நிக்க முடியலை. பொறாமை. அத்தை சொன்னது சரிதான்."

தோளிலிருந்த கை இறங்கிவிட்டது. மாமியார் ஓர் அடி தள்ளி நின்றார். கணவன் தரையைப் பார்த்தான்.

"கிளம்பலாமா?" என்று குரல் கொடுத்தார் டிரைவர்.

கொழுந்தன் தொண்டையைச் செருமினான். "வேற நர்ஸ் யாராவது வந்தா..." என்றான், அண்ணியைப் பார்க்காமல்.

சின்னவள் பெட்டிக்குள்ளிருந்த கையை எடுக்கவில்லை. கவுன்டருக்கு அப்பால் நிற்கும் ஆள் கொடுத்த நோட்டு நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று பார்ப்பது போல, பெரியவளின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"அப்புறம் பார்த்த மூணு தடவையும் எந்தக் கை?"

"வலது கை."

"வழியில நம்பர் இறங்கினா என்ன செய்யணும்னு தெரியுமா?"

"தெரியும்."

"உங்களைவிட நல்லாத் தெரிஞ்சவங்க இந்த வார்டுல இருக்காங்களா?"

பெரியவள் யோசித்துப் பார்த்தாள். அடக்கத்துக்காகச் சொல்லும் நேரமில்லை இது. "இல்லை."

"அப்ப ஏறுங்க." சின்னவள் கையை வெளியே எடுத்து, துளையின் மூடியைத் தானே சாத்தினாள். "என் பிள்ளையைக் கொண்டு போய்ச் சேருங்க. மத்ததை நீங்க திரும்பி வந்தப்புறம் கேட்டுக்கறேன். விட்டுடுவேன்னு நினைக்காதீங்க. கேட்பேன்."

பெரியவள் ஏறினாள். கதவு சாத்தப்பட்டது. பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சின்னவள் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள், அழவில்லை. இத்தனை கோபத்திலும் குழந்தைக்கு எது நல்லது என்று மட்டும் பார்க்க அவளால் முடிந்திருக்கிறது. காலையில் அது தன்னால் முடியாமல் போனது. அதை நினைத்தபோது பெரியவளுக்கு அவள்மேல் மறுபடியும் பொறாமை வந்தது. இந்த ஒரு தடவை அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

திரும்பித் திரையைப் பார்த்தாள். வலது கை தொண்ணூற்றெட்டு, கால் தொண்ணூற்றிரண்டு. பட்டை சரியாக இருக்கிறதா என்று துளை வழியே கையை விட்டுத் தொட்டாள். குழந்தையின் விரல்கள் அவளுடைய விரலைத் தேடி வந்து பிடித்துக்கொண்டன.

வண்டி கேட்டைத் தாண்டித் திரும்பியது. காலின் எண் தொண்ணூறுக்கு இறங்கியது.